செய்தி தொலையவில்லை, தாமதமாக வந்தது

ஒரு செய்தி கணக்கில் வரவில்லை என்றதும் காஃப்கா புரோக்கரின் (செய்திகளை வாங்கிச் சேமித்துவைக்கும் சேவையகத்தின்) அமைப்புகளில் கை வைப்பதுதான் முதல் தவறு. முதலில் செய்திகள் சேரும் டொபிக்கைத் திறந்து அந்தச் செய்தியைத் தேடுங்கள். பெரும்பாலும் அது அங்கே பத்திரமாக இருக்கும். அதைக் கைவிட்டது நமது செயலிதான்.

திருகோணமலையிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளின் இருப்பிடத்தைக் கைத்தொலைபேசிகள் அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். கொட்டியாரக் குடாவைத் தாண்டிச் சிக்னல் போய்விட்டால் தொலைபேசி செய்திகளைச் சேமித்து, கரை திரும்பியதும் மொத்தமாக அனுப்பும். இப்படி வருபவற்றை நிகழ்ந்த நேரப்படி விண்டோக்களாக, அதாவது நேரத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள் ஃபிளிங்க். அதில் தாமதத்துக்கான சலுகை நேரம் இயல்பாகவே 0. வாட்டர்மார்க் ('இந்த நேரம் வரையான செய்திகள் வந்துவிட்டன' என்ற குறி) விண்டோவின் முடிவைக் கடந்த பிறகு வருபவை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கைவிடப்படும். அளவீடுகளில் ஓர் எண் மட்டும் கூடும். அதை யாரும் பார்ப்பதில்லை. தாமதச் செய்திகளைத் தனி வெளியீட்டுக்குத் திருப்பிவிடுங்கள். காஃப்காவின் சொந்தச் செயலாக்க நூலகமான காஃப்கா ஸ்ட்ரீம்ஸிலும் கிரேஸ் நேரத்தை (அங்கே தாமதத்துக்கான சலுகையை) ஊகத்தில் வைக்காதீர்கள். சிக்னல் எத்தனை மணித்தியாலம் இல்லாமல் போகும் என்று கடலுக்குப் போகிறவர்களிடமே கேளுங்கள். நேரத்தைக் கூட்டினால் சேமித்துவைக்கும் நிலையும் (இடைக்கணக்குகளும்) பெருகும், அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

இதைவிடப் பொல்லாதது கடிகாரம். இலங்கை நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 5:30 முன்னால். ஒரு தொலைபேசி உள்ளூர் நேரத்தை யூடிசி என்று எழுதி அனுப்பினால், அந்தச் செய்தி ஐந்தரை மணித்தியாலம் எதிர்காலத்தில் இருக்கும். வாட்டர்மார்க் இதுவரை வந்த உச்ச நேரத்தைப் பின்பற்றுவதால், அதே பார்ட்டிஷனில் (டொபிக்கின் அதே பிரிவில்) சரியான நேரத்தோடு வரும் மற்றப் படகுகளின் செய்திகளெல்லாம் 'தாமதம்' ஆகிவிடலாம். பிழை ஒரு படகில், இழப்பு மற்றவற்றில். அதனால்தான் பலர் தவறான இடத்தில் தேடி நாட்களைத் தொலைக்கிறார்கள். நிகழ்வு நேரத்தை எடுக்கும் இடத்திலேயே எதிர்கால நேரங்களைப் பிடித்துவிடுங்கள். வாட்டர்மார்க் நகர்ந்த பின் வடிகட்டிப் பயனில்லை.

சரி, கணக்கின் விடையே வராவிட்டால்? ஏதோ ஒரு பார்ட்டிஷனில் செய்தி வராமல் நின்றிருக்கும். ஃபிளிங்க் எல்லாவற்றிலும் குறைந்த வாட்டர்மார்க்கையே எடுப்பதால் மொத்தமும் காத்துக்கிடக்கும். சும்மா இருக்கும் பார்ட்டிஷனைக் கணக்கில் எடுக்காதபடி அமைக்கலாம்.

ஆஃப்செட் (எங்கிருந்து படிப்பது என்ற இட எண்) விடயத்தில் ஒரு வழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். செய்திகளைப் படிக்கும் சாதாரண காஃப்கா கன்ஸ்யூமரின் புதிய குழு, இயல்பாகப் புதிதாக வருபவற்றை மட்டுமே படிக்கும். காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் தொடக்கத்திலிருந்து படிக்கும். கீ (படகின் எண் போன்ற அடையாளம்) இல்லாத செய்திகளைக் குழுவாக்கும்போது ஸ்ட்ரீம்ஸ் விட்டுவிடும் என்பதையும் பாருங்கள்.

அப்புறம், ஃபிளிங்கில் ஆபரேட்டர்களுக்கு (கணக்கின் ஒவ்வொரு படிக்கும்) யூஐடி என்ற நிலையான அடையாளம் கொடுக்காமல் விடுவது. நிரலின் அமைப்பை மாற்றினால், சேமித்துவைத்த பிரதியான சேவ்பாயிண்டில் உள்ள நிலை பொருந்தாமல் போகலாம், அப்போது செயலியும் எழும்பாது. அவசரத்தில் 'பொருந்தாத நிலையை விட்டுவிடு' என்ற தெரிவைப் போட்டு எழுப்பினால், பழைய எண்ணிக்கை போய் 0-இலிருந்து தொடங்கும். ஒரு செய்தியும் தொலையாமலே எல்லாம் தொலைந்ததுபோல் தெரியும். நிலை வைத்திருக்கும் ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் முதல் நாளே யூஐடி கொடுங்கள்.