இரண்டு பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்ஃபர் இடம் கிடைத்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் போதும், கலிஃபோர்னியாவில் இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுப் பல்கலைக்கு மாறும் (டிரான்ஸ்ஃபர் ஆகும்) பிள்ளைகள் கையில் இரண்டு அனுமதிக் கடிதங்களோடு வந்து எதில் சேருவது என்று கேட்பார்கள். நான் டிரான்ஸ்ஃபர் ஆன காலத்தில் எந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டேனோ, அதையேதான் இவர்களும் கேட்காமல் விடுகிறார்கள். கடைசித் தேதியைத் தவறவிடாதே, படிவத்தைச் சரிபார் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். பணத்தையும் வருடத்தையும் தின்னும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ரேங்க் பட்டியலை நம்பி முடிவெடுப்பது

பட்டியல்களில் பார்க்கும் பட்டம் முடிப்போர் விகிதம் பெரும்பாலும் முதலாண்டிலேயே சேர்ந்தவர்களைப் பற்றியது. டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் எத்தனை பேர் இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிக்கிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

எத்தனை கிரெடிட் எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் பார்ப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான். படித்த பாடங்களுக்கான கிரெடிட் (பாட அலகு) உள்ளே வந்துவிட்டாலே பட்டத்தில் கழியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதில் ஒரு பகுதி மேஜருக்கு, அதாவது பட்டம் வாங்கும் முதன்மைத் துறைக்கு, உதவாமல் எலெக்டிவ் (விருப்பப் பாட) கணக்கில் போய் முடங்கிவிடும். அனுமதிக் கடிதத்தோடு வரும் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க விரும்பிய ஒரு பெண். ஒரு பல்கலை அவளுடைய 64 கிரெடிட்டில் 62ஐ எடுத்துக்கொண்டது; மற்றது 55தான் என்றது. வீட்டில் யோசிக்கவே இல்லை, 62 சொன்ன இடத்தில் முன்பணம் கட்டிவிட்டார்கள். மதிப்பீட்டுத் தாள் என் கைக்கு வந்தபோது ஜூலை ஆகியிருந்தது. இடப்பக்கம் அவள் படித்த பாடங்கள், வலப்பக்கம் அங்கே அவற்றுக்கு ஈடானவை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற பாடத்துக்கு நேரே ‘சிஎஸ் 2’ என்று போட்டு, மிச்ச இரண்டு இலக்கங்களின் இடத்தில் ‘எக்ஸ் எக்ஸ்’ என்று இருந்தது. அப்படி இருந்தால், எங்களிடம் இதற்கு ஈடான பாடம் இல்லை, எண்ணிக்கைக்கு மட்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்று பொருள். அவள் அதைப் பைத்தான் மொழியில் படித்திருந்தாள். அங்கே சி பிளஸ் பிளஸ்.

ஒரு பாடம்தானே, திரும்பப் படித்தால் போகிறது என்று அப்பா சொன்னார். அது அப்படி முடிகிற விஷயம் இல்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முடிக்காமல் அல்காரிதம்ஸ் எடுக்க முடியாது. அல்காரிதம்ஸ் அங்கே ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரில் மட்டும்தான். இறுதி புராஜெக்ட்டும் ஃபாலில்தான் தொடங்கும், இரண்டு செமஸ்டர் ஓடும், அல்காரிதம்ஸ் முடித்தவர்களுக்கு மட்டும். ரயில் பெட்டிகளைப் போல ஒன்றோடு ஒன்று கோத்திருப்பதால், முன்னால் ஒன்று நின்றால் பின்னால் எல்லாமே நிற்கும். நான்கு செமஸ்டர் ஆறானது. 55 என்று சொன்ன பல்கலை டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை அப்படியே ஒத்துக்கொண்டிருந்தது. அவர்கள் விட்ட ஒன்பதும் மேஜருக்குத் தேவையே இல்லாதவை. ஒரு வருடக் கட்டணம், ஒரு வருட வாடகை, வேலைக்குப் போய்ச் சம்பாதித்திருக்கக்கூடிய ஒரு வருடச் சம்பளம், எல்லாம் போயிற்று.

இவள் ஒருத்திக்கு மட்டும் நடந்ததில்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அமைப்பான ஜிஏஓ 2017இல் மதிப்பிட்டது.

எனவே இரண்டு பல்கலைகளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த மேஜரில் நான் பட்டம் வாங்க இன்னும் எத்தனை செமஸ்டர் ஆகும்? அட்மிஷன் ஆபீஸிடம் கேட்டுப் பயனில்லை. துறையின் அட்வைசரிடம் கேளுங்கள். முதல் செமஸ்டர் தொடங்கிக் கடைசி செமஸ்டர் வரை எந்தப் பாடத்தை எப்போது எடுப்பீர்கள் என்று நீங்களே ஒரு தாளில் எழுதி அனுப்பி, இது நடக்குமா என்று கேளுங்கள். பதில் மின்னஞ்சலில் வரவேண்டும், ஃபோனில் சொன்னது போதாது. எக்ஸ் போட்ட பாடம் இருந்தால் சிலபஸை அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள். வாராவாரம் நடத்தியது என்ன, எந்தப் புத்தகம், என்னென்ன புராஜெக்ட் என்று அதில் இருக்கவேண்டும். படித்து முடித்த பாடங்களின் சிலபஸை ஒன்றுவிடாமல் இப்போதே சேர்த்துவையுங்கள்.

கலிஃபோர்னியாவுக்குள் யுசி, கால்ஸ்டேட் என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளின் வளாகங்களுக்குப் போகிறவர்களுக்கு, எந்தப் பாடம் எங்கே எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளம் இருக்கிறது. அதில் வளாகத்தைத் தேடுவதோடு நிறுத்தாமல் மேஜர் வாரியாகத் தேடுங்கள். நீங்கள் அந்தப் பாடத்தைப் படித்த கல்வியாண்டையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். டிரான்ஸ்ஃபருக்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தரும் ஏடிடி பட்டத்தோடு அதே துறையில் கால்ஸ்டேட் போனால் மீதியை 60 செமஸ்டர் யூனிட்டில் முடிக்கலாம் என்ற உறுதி உண்டு. துறை மாறினால் அந்த உறுதியும் போய்விடும்.

உள்ளே போய் மேஜர் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது

பெர்க்லி, சான் டியாகோ போன்ற வளாகங்களில் டிரான்ஸ்ஃபராகப் போனவர் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவது மிக மிகக் கடினம். வேண்டிய மேஜரில் இடம் கொடுத்த பல்கலைதான் உங்களுக்கு இடம் கொடுத்த பல்கலை.

முதல் வருட உதவித்தொகையை மட்டும் ஒப்பிடுவது

உதவிக் கடிதத்தில் கடனையும் இலவசப் பணத்தையும் ஒரே மொத்தமாகக் கூட்டிக் காட்டுவார்கள். கடனை அடித்துவிட்டுப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் எத்தனை செமஸ்டருக்கு, எந்த ஜிபிஏவை (மதிப்பெண் சராசரியை) காப்பாற்றினால் தொடரும் என்று கேளுங்கள். வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் வாழ்நாளில் 12 முழு செமஸ்டர் அளவுக்குத்தான். கம்யூனிட்டி காலேஜில் வாங்கியதும் அதில் கழியும்.

செமஸ்டரும் குவார்ட்டரும் ஒன்றுதான் என்று இருப்பது

யுசியில் பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர் முறை; மற்ற இளநிலை வளாகங்கள் குவார்ட்டர், அதாவது ஏறக்குறைய பத்து வாரப் பருவங்கள். பத்து வார வகுப்பில் மூன்றாம், நான்காம் வாரத்திலேயே மிட்டெர்ம் வந்து நிற்கும். பெரும்பாலான இடங்களில் பழைய ஜிபிஏ உங்களோடு வராது, கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் குவார்ட்டரில் இரண்டு பாடம் சறுக்கினால் உங்கள் ஜிபிஏ அதுதான்.

முன்பணம் கட்டிவிட்டுக் கேட்பது

யுசிக்கு ஜூன் 1க்குள் ஒப்புதல் சொல்லவேண்டும். ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தால் ஒரு மாதம்தான் இருக்கிறது. சேர்ந்த பிறகுதான் மதிப்பீடு என்று சொல்லும் இடத்தில், அதிகாரபூர்வமில்லாத மதிப்பீடாவது கொடுங்கள் என்று துறையிடம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், சந்தேகமுள்ள பாடங்கள் ஒன்றுகூடக் கணக்காகாது என்று வைத்துச் செலவைப் போட்டுப் பாருங்கள்.

விடுதி

டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு உத்தரவாதம் உண்டா? எத்தனை வருடத்துக்கு? இன்றே கேளுங்கள்.

எஃப்-1 விசா

சேவிஸ் பதிவு, அதாவது வெளிநாட்டு மாணவரைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் பதிவு, ஒரு பல்கலைக்குத்தான் போகும். எது என்று முடிவாகாமல் பழைய கல்லூரியில் விடுவிப்புத் தேதி கொடுக்காதீர்கள்.