சான்டா கிளாரா கவுண்டில டிராஃபிக் டிக்கெட் ரெகார்ட் பாக்குறது எப்படி

கலிஃபோர்னியா பே ஏரியால டிராஃபிக் டிக்கெட் வாங்குனவங்க முக்காவாசி பேர் லெட்டர் வரட்டும் பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க. தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க. கோர்ட் அனுப்புற கர்ட்டசி நோட்டீஸ் வெறும் ஞாபகப்படுத்துற கடுதாசி, அது வந்தாலும் வரலைன்னாலும் டிக்கெட் அடியில போட்டிருக்கற, பதில் சொல்ல வேண்டிய கடைசி தேதி மாறாது. அது போறதும் டிக்கெட்ல எழுதுன அட்ரஸுக்குதான், அந்த அட்ரஸ் பெரும்பாலும் லைசென்ஸ்ல இருக்கறது. நம்ம ஆளுங்க லீஸ் முடிஞ்சா சன்னிவேல்லேருந்து மில்பிடாஸ், மில்பிடாஸ்லேருந்து சான் ஹோசேன்னு மாறிட்டே இருப்பாங்க, வீடு மாறுன 10 நாளுக்குள்ள டிஎம்விகிட்ட (லைசென்ஸ் குடுக்கற மாநில ஆபீஸ்) சொல்லணும்னு சட்டம் இருக்கு, ஆனா நிறைய பேருக்கு அது தெரியவே தெரியாது. அதனால நீங்களே போய் தேடி பாத்துடறதுதான் சேஃப்.

தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்த கவுண்டினு உறுதி பண்ணிக்கோங்க. கலிஃபோர்னியால 58 கவுண்டி, ஒவ்வொண்ணுக்கும் தனி சுப்பீரியர் கோர்ட், ஒரு கோர்ட் சைட்ல இன்னொரு கவுண்டி டிக்கெட் வராது. நீங்க எங்க குடியிருக்கீங்கன்றது கணக்கே இல்ல, போலீஸ் எங்க நிறுத்துனாங்களோ அந்த கவுண்டிதான். இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. 880 ஃப்ரீவேல மில்பிடாஸ் வரைக்கும் சான்டா கிளாரா, அதை தாண்டி ஃப்ரீமான்ட் போனா அலமீடா. பாலோ ஆல்டோ சான்டா கிளாரா, ஆனா ஒட்டியே இருக்கற ஈஸ்ட் பாலோ ஆல்டோ சான் மட்டேயோ. லிவர்மோர் கோயிலுக்கு போற வழியில 580-ல மாட்டுனா அலமீடா, ஹைவே 17-ல மலை உச்சிய தாண்டிட்டா சான்டா க்ரூஸ். லாங் வீக்கெண்டுக்கு எல்ஏ போறப்ப ஐ-5-ல மாட்டுனா இன்னும் மோசம், கோலிங்கா ஃப்ரெஸ்னோ கவுண்டி, கெட்டில்மன் சிட்டி கிங்ஸ் கவுண்டி, பட்டன்வில்லோ கெர்ன் கவுண்டி, எல்லாம் ஒரே ரோடுதான். டிக்கெட்டோட கீழ்ப்பக்கத்துல எந்த கோர்ட்டுக்கு வரணும்னு இருக்கும், அத படிச்சா போதும், மேப்ப வச்சு யோசிக்க வேண்டாம்.

அடுத்து, இது கோர்ட்டுக்கு போற டிக்கெட்டானு பாருங்க. பார்க்கிங் டிக்கெட் கோர்ட் சைட்ல வராது, அது அந்தந்த சிட்டியோட வேலை, சிட்டி சைட்லதான் தேடணும், ரிவ்யூ கேக்கணும்னா டிக்கெட் குடுத்த நாள்லேருந்து 21 நாளுக்குள்ள கேட்டுடணும். ஃபாஸ்ட்ராக் பாலத்து டோல் நோட்டீஸும் கோர்ட் இல்ல. ஸ்பீட் கேமராவும் அப்படித்தான், 2023-ல வந்த சட்டம் சான் ஹோசே, ஓக்லாண்ட், சான் ஃப்ரான்சிஸ்கோ உட்பட ஆறு ஊருக்கு அத வைக்க பர்மிஷன் குடுத்துச்சு, அந்த அபராதம் சிவில் பெனால்ட்டி, லைசென்ஸ்ல பாயிண்ட் (தப்புக்கு டிஎம்வி ஏத்தற புள்ளி) ஏறாது. இன்னொரு பக்கம் குடிச்சிட்டு ஓட்டுனது, சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோட ஓட்டுனது இதெல்லாம் கிரிமினல் பக்கம் போயிடும், சான் ஹோசே ஹெட்டிங் ஸ்ட்ரீட்ல இருக்கற ஹால் ஆஃப் ஜஸ்டிஸ், அதுக்கு இத படிச்சிட்டு இருக்காம உடனே வக்கீல பாருங்க.

இப்ப கையில இருக்கற பேப்பர். போலீஸ் குடுத்தது நோட்டீஸ் டு அப்பியர்னு பேரு, அதுல நீங்க போட்ட கையெழுத்து தப்ப ஒத்துக்கிட்டதா ஆகாது, வர்றேன்னு குடுத்த வாக்கு அவ்ளோதான். மேல ஓரத்துல சைட்டேஷன் நம்பர், அதாவது டிக்கெட் நம்பர் இருக்கும், அதுதான் சாவி. முன்னாடி எழுத்து இருந்தா அதையும் சேத்து அடிங்க, நடுவுல ஸ்பேஸ், ஹைஃபன் எதுவும் வேண்டாம், பூஜ்யமா ஓ-வானு, ஐந்தா எஸ்-ஸானு சந்தேகம் வந்தா ரெண்டு விதமாவும் போட்டு பாருங்க. கீழ வயலேஷன் கோட், அதாவது எந்த விதிய மீறுனீங்கன்ற நம்பரையும் குறிச்சு வச்சுக்கோங்க, 22349 ஃப்ரீவேல 65 மைலுக்கு மேல போனது, 22350 ரோட்டுக்கு பொருந்தாத வேகம், 21453 சிகப்பு லைட், 22450 ஸ்டாப் சைன், 23123.5 கையில ஃபோன், 21655.5 கார்பூல் லேன். முடிஞ்சா அன்னிக்கே ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வச்சுடுங்க, அந்த கார்பன் காப்பி சீக்கிரம் அழிஞ்சு போயிடும்.

தேடறப்ப கூகுள்ல மேல வர்ற முதல் லிங்க்க அமுக்காதீங்க. கவுண்டி ரெகார்ட்ஸ், டிராஃபிக் டிக்கெட் லுக்கப்னு பேர் வச்சுக்கிட்டு கிரெடிட் கார்டு கேக்கற பிரைவேட் சைட்டுங்கதான் முன்னாடி நிக்கும், டிக்கெட்ட பாக்க எந்த கோர்ட்டும் காசு கேக்காது. மாநில கோர்ட் சைட் கோர்ட்ஸ் டாட் சிஏ டாட் கவ், அங்க ஃபைண்ட் மை கோர்ட்ல சான்டா கிளாரா போட்டு, அது காட்டுற லிங்க் வழியா டிராஃபிக் பகுதிக்கு போங்க. டிஎம்வி பேர சொல்லி, இன்னிக்குள்ள கட்டலைன்னா லைசென்ஸ் போயிடும்னு மெசேஜ் வருது பாருங்க, அது மோசடி, அந்த லிங்க்க தொடவே கூடாது. ஊர்லேருந்து வந்து தங்கியிருக்கற அப்பா அம்மா ஃபோனுக்கும் அந்த மாதிரி வரும், அவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

நம்பர் போட்டும் ஒண்ணும் வரலைன்னா டிக்கெட் கேன்சல்னு சந்தோஷப்பட்டுடாதீங்க. போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பி கோர்ட் ஏத்தறதுக்கு சில வாரம் ஆகும், வாரம் ஒரு தடவை பாருங்க. கடைசி தேதி நெருங்கியும் வரலைன்னா தேதி தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு கிளார்க்குக்கு ஃபோன் பண்ணுங்க, இல்ல ஹோம்ஸ்டெட் ரோட்ல இருக்கற சான்டா கிளாரா கோர்ட்ஹவுஸ் கவுண்டருக்கே டிக்கெட்டோட போயிடுங்க. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். சிகப்பு லைட் கேமரா ஃபோட்டோவோட ஒரு நோட்டீஸ் வரும், ஓட்டுனது யாருன்னு சொல்லுங்கன்னு கேக்கும், பாக்க டிக்கெட் மாதிரியே இருக்கும், ஆனா கோர்ட் அட்ரஸ் இருக்காது, கோர்ட்ட கான்டாக்ட் பண்ணாதீங்கன்னு கூட போட்டிருக்கும். அது கோர்ட்ல ஃபைல் ஆகாத பேப்பர், பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அவசரப்பட்டு வீட்டுக்காரம்மா பேரயோ பையன் பேரயோ எழுதி அனுப்பிட்டா அப்புறம் நிஜ டிக்கெட்டே அவங்க பேர்ல வரும். அதான் எந்த பேப்பர் வந்தாலும் மொதல்ல கோர்ட் சைட்ல நம்பர் இருக்கானு பாருங்கன்னு திரும்ப திரும்ப சொல்றேன்.

கிடைச்சிடுச்சுன்னா நாலு விஷயம் பாருங்க, கடைசி தேதி, தொகை, டிராஃபிக் ஸ்கூல் (பாயிண்ட்ட மறைக்கறதுக்கான டிரைவிங் வகுப்பு) தகுதி, சரி பண்ணி காட்டுனா போதுமா. தொகைக்கு பக்கத்துல பெயில்னு இருந்தா பதறாதீங்க, கட்ட வேண்டிய காசுதான் அது. போலீஸ் சொன்ன அபராதத்துக்கும் ஸ்க்ரீன்ல வர்றதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, ஏன்னா அடிப்படை அபராதத்து மேல மாநிலம், கவுண்டி, கோர்ட்னு ஒவ்வொண்ணும் கட்டணம் ஏத்தும். சிகப்பு லைட்டுக்கு அடிப்படை 100 டாலர்தான், கட்டறப்ப சுமார் 490 வந்து நிக்கும். கார்பூல் லேனும் கிட்டத்தட்ட அதே 490, ஆனா அதுக்கு பாயிண்ட் இல்ல. இன்ஷூரன்ஸ் பேப்பர் இல்லாதது, லைட் எரியாதது மாதிரி திருத்தக்கூடியது, கரெக்டபிள்னு டிக்பண்ணியிருந்தா, சரி பண்ணி ப்ரூஃப் காட்டி 25 டாலரோட முடிச்சிடலாம், முழு தொகைய கட்டி ஏமாறாதீங்க.

டிராஃபிக் ஸ்கூல் தகுதி இருந்தா என்னோட கருத்து, எடுத்துடுங்க. 18 மாசத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், அபராதமும் கட்டணும் மேல ஃபீஸும் கட்டணும்னு வலிக்கும், ஆனா பாயிண்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனி கண்ணுக்கு தெரியாது. லிமிட்டுக்கு மேல 25 மைல தாண்டி போயிருந்தா பொதுவா கிடைக்காது. தப்பு பண்ணலைன்னு நெனச்சா டிஆர்-205 ஃபார்ம்ல எழுதியே கேஸ் நடத்தலாம், லீவு போட வேண்டாம், தோத்தாலும் 20 நாளுக்குள்ள நேர்ல புது விசாரணை கேக்கலாம். படிக்கற பசங்க, வேலை போனவங்க மைசைட்டேஷன்ஸ்ன்ற கோர்ட் சைட்ல வருமானத்த காட்டி குறைக்க சொல்லி கேளுங்க, கேக்கறதுல வெக்கமே இல்ல. எதுவும் பண்ணாம தேதிய விட்டா மேல 100 டாலர் வரைக்கும் ஏறும், கடன் வசூல் பண்றவங்ககிட்ட (கலெக்ஷன்) போகும், வராததே தனி குற்றமாவும் ஆகலாம்.

கட்டி முடிச்ச கொஞ்ச வாரம் கழிச்சு டிஎம்வி ரெகார்டையும் பாருங்க, கோர்ட் ரெகார்ட் வேற டிஎம்வி ரெகார்ட் வேற. டிஎம்வி சைட்ல லாகின் பண்ணி 2 டாலர் கட்டுனா உங்க டிரைவர் ரெகார்ட் உடனே வந்துடும். டிராஃபிக் ஸ்கூல் முடிச்சும் பாயிண்ட் தெரிஞ்சா கோர்ட்டுக்கு எழுதி சரி பண்ணுங்க, சாதாரண பாயிண்ட் 3 வருஷம் இன்ஷூரன்ஸ அடிக்கும். 12 மாசத்துல 4 பாயிண்ட் ஆனா லைசென்ஸுக்கே ஆபத்து. அடுத்தவங்க ரெகார்ட் உங்களுக்கு கிடைக்காது, அது ஃபெடரல் சட்டப்படி பாதுகாப்பு.

கடைசியா கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் வரிசையில இருக்கறவங்களுக்கு. கிரீன் கார்டுக்கான ஐ-485, சிட்டிசன்ஷிப்புக்கான என்-400 ரெண்டு ஃபார்ம்லயும் கைதானீங்களானு மட்டும் இல்ல, சைட்டேஷன் வாங்குனீங்களானும் கேள்வி இருக்கு. என்-400-ல கைது இல்லாம, குடி போதை சம்பந்தம் இல்லாம, 500 டாலருக்கு கம்மியான அபராதமோ பாயிண்ட்டோ மட்டும்னா டாக்குமெண்ட் அனுப்ப தேவையில்ல, ஆனா அத தாண்டுனா கோர்ட் முடிவு பேப்பர் வேணும், மேல சொன்ன 490 எவ்வளவு கிட்டத்துல இருக்குன்னு பாருங்க. பழைய டிராஃபிக் ஃபைல கோர்ட் சில வருஷத்துல அழிச்சிடலாம், ஆன்லைன்லயும் காணாம போயிடும். அதனால கேஸ் முடிஞ்ச உடனே ஸ்க்ரீன எல்லாம் பிடிஎஃப்பா சேவ் பண்ணி கட்டுன ரசீதோட வைங்க, சீல் வச்ச காப்பி வேணும்னா கிளார்க்கிட்ட சர்டிஃபைட் டிஸ்பொசிஷன் (கேஸ் எப்படி முடிஞ்சதுன்ற பேப்பர்) கேளுங்க, சர்டிஃபை பண்ண 40 டாலர், காப்பிக்கு பக்கத்துக்கு 50 சென்ட், தேட 10 நிமிஷத்துக்கு மேல ஆனா இன்னொரு 15 டாலர். ஃபைல் அழிஞ்சிருந்தா ரெகார்ட் இல்லன்னு அவங்ககிட்டயே எழுதி வாங்கிக்கோங்க.