சிறுநீரக ஸ்கேனுக்கு வருமுன்

சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) இவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வாருங்கள் என்போம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் அறையில் பாதிப் பேர் காலிச் சிறுநீர்ப்பையோடுதான் வருவார்கள். காரணம் சொன்னால் கேட்பார்கள்.

வயிற்றில் வைத்து நகர்த்தும் கருவிதான் புரோப். அதற்குள் இருக்கும் படிகம் மின்சாரம் பட்டால் அதிர்ந்து, உடலுக்குள் ஒலியை அனுப்பும். எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் தரும். அழுத்தினால் மின்சாரம் தரும் அந்தக் குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் எட்டும். வயிற்று புரோப்பில் சுமார் 35 லட்சம். மென்திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போகும். எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தை வைத்து மெஷின் ஆழத்தைக் கணக்கிடும்.

காற்றுதான் எங்கள் எதிரி. அதில் பட்ட ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். தோலுக்கும் புரோப்புக்கும் நடுவே ஜெல் தடவுவது அதற்குத்தான். குடலில் வாயு இருந்தால் அதன் பின்னால் இருப்பது தெரியாது. பை நிறைந்தால் குடல் மேலே ஒதுங்கும், நீர் வழியே ஒலி தடையின்றிப் போகும்.

சரி, எப்படிக் குடிப்பது? ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டருக்குச் சற்று மேல் வெறும் தண்ணீர். கேஸ் பானம் வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருகிறவர்கள் இக்கரையில் இறங்கியபின் குடியுங்கள். காரில் வந்து பாலத்து நெரிசலில் மாட்டி, எங்கள் வாசலுக்கு வந்ததும் நேராக டாய்லெட்டுக்கு ஓடுகிறவர்கள் நிறைய. டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். வெடிக்கிற அளவுக்கும் வேண்டாம்: பை அளவுக்கு மீறி நிறைந்தால் சிறுநீரகமே லேசாக வீங்கினாற்போல் தெரியும்.

திரையில் சிறுநீர் கறுப்பு. கல் பளிச்சென்று வெள்ளை, அதன் கீழே கறுப்பு நிழல். சின்னக் கல்லில் நிழல் விழாது; அப்போது இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போடுவேன், கல்லுக்குப் பின்னால் நிறங்கள் மினுமினுக்கும். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் சிறுநீர்க்குழாயின் நடுவில் சிக்கிய கல்லைப் பெரும்பாலும் வாயு மறைத்துவிடும். அதனால் டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

அப்புறம் டாய்லெட்டுக்குப் போகச் சொல்வோம். முக்க வேண்டாம் ஐயா, வீட்டில் போவதுபோல் போங்கள், உடனே திரும்பி வாருங்கள். பையில் சிறுநீர் மிச்சம் எவ்வளவு என்று அளக்கவேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்குவோம். 6, 5, 4 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 62 மில்லி. புரோஸ்டேட்டுக்கும் அதே கணக்கு.

இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். அடிவயிறு முழுக்க ஜெல் தடவ வேண்டியிருக்கும்.