தலைமைக் கொள்கைகளைச் சுவரிலிருந்து இறக்குவது எப்படி?

நிறுவனத்துக்கு நாலு தலைமைக் கொள்கை, அதாவது இங்கே எல்லோரும் எப்படி முடிவெடுக்க வேண்டும், நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் வரிகள், எழுதிக் கொடு என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? சரி, முதலில் நேர்மை, மரியாதை மாதிரி யாருமே வேண்டாம் என்று சொல்ல முடியாத சொற்களை அடித்துவிடுங்கள். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் பட்டியலில் அந்த இரண்டுமே இருந்தன, கணக்கில் செய்த தில்லுமுல்லு வெளியே வந்து 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிற மாதிரி எழுதுங்கள். யோசித்துக்கொண்டே நிற்காமல் செயலில் இறங்கு என்பது அமேசானின் 16 கொள்கைகளில் ஒன்று. பல முடிவுகளைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் காரணம். விமான எஞ்சின் செய்கிறவர்கள் இதற்கு நேர்மாறாக எழுதினாலும் தப்பில்லை. இப்படி ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான், இரண்டு பேர் மோதிக்கொள்ளும்போது அந்த வரியைக் காட்டி முடிவெடுக்க முடியும்.

அப்புறம், ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு வேலைமுறை வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். குறையை மறைக்காதே என்று அறிவுரை சொல்வதோடு டொயோட்டா நிற்கவில்லை, தொழிற்சாலையில் கயிறு கட்டியது. ஆண்டான் கயிறு என்று பெயர், ஜப்பானிய மொழியில் ஆண்டான் என்றால் விளக்கு. ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் அங்கே நிற்கிற தொழிலாளி யாரிடமும் கேட்காமல் அதை இழுக்கலாம், மேலே பலகையில் அவர் இடத்துக்கான விளக்கு எரியும், குழுத் தலைவர் வந்து பார்ப்பார், குறித்த எல்லையைக் கார் தாண்டுவதற்குள் சரியாகவில்லை என்றால் கார் தயாரிப்பு வரிசையே நின்றுவிடும். உங்கள் இடத்தில் அந்தக் கயிறு எது, அதை இழுத்தவருக்குப் போன முறை என்ன நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

கூட்டங்களுக்கும் இதே கதைதான். ஆழமாகப் பார் என்று சொல்லிவிட்டு ஸ்லைடு போட்டு ஓட்டினால் எடுபடாது. அமேசான் 2004இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டையே நிறுத்தியது. ஆறு பக்கக் குறிப்பை எல்லோரும் முதலில் சத்தமில்லாமல் படித்த பிறகுதான் பேச்சு.

ஆள் எடுக்கும்போது, நேர்காணல் செய்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று கொள்கைகளைப் பிரித்துக் கொடுங்கள், 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' என்று கேட்காமல் 'மேலதிகாரி சொன்னதை மறுத்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மறுத்துப் பேசு என்று தொடங்கும் அமேசானின் கொள்கையைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும், சிலர் அதை வாய்க்கு வந்தபடி பேசக் கிடைத்த லைசென்ஸாக எடுத்துக்கொள்வார்கள். அதன் பின்பாதி, முடிவான பிறகு முழுமனதோடு இறங்கு என்பது, அவர்களுக்கு ஞாபகமே இருக்காது.

கடைசியில் பதவி உயர்வு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் குழுவே முக்கியம் என்று வரவேற்பறையில் பெரிதாக எழுதியிருந்தார்கள், அந்த வருடம் மேலே போனவர் தன் குழுவில் பாதிப் பேரை வேலையை விட்டு ஓட வைத்தவர். அதற்கப்புறம் அந்த வரியை யாரும் சிரிக்காமல் படித்து நான் பார்த்ததில்லை.