கிங்ஸ்நேக் தேடிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் கலிபோர்னியாவின் மலையடிவாரப் புதர்க்காடுகளில் மார்ச் முதல் மே வரை கிங்ஸ்நேக் பாம்பைத் தேடிப் பலர் கிளம்புகின்றனர். கருமையும் வெண்மையும் மாறி மாறி வளையமிட்ட, ஏறத்தாழ 3 அடி நீளமுள்ள, நஞ்சற்ற பாம்பு இது. நம் ராஜநாகத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. தேடுவோரின் அவசரம் அவர்களை வெறுங்கையோடு அனுப்புவது மட்டுமன்றி, பாம்பு தங்கும் இடத்தையும் கெடுத்துவிடுகிறது.

தவறுகளில் மிகப் பெரியது பாறையை உடைப்பதே. இப்பகுதிக் கிரானைட் பாறைகளின் மேற்பரப்பு காலப்போக்கில் தகடு தகடாகப் பெயர்கிறது. பாறைக்கும் தகட்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாத இடுக்கில்தான் கிங்ஸ்நேக்கின் இன்னோர் இனமான மலைவாழ் கிங்ஸ்நேக்கும், பெரும்பாலும் இத்தகைய பாறைகளையே நம்பி வாழும் கிரானைட் இரவுப் பல்லியும் பதுங்குகின்றன. கடப்பாரையால் ஒருமுறை நெம்பினால் தகடு உடைந்துபோகும். அது மீண்டும் உருவாக மனித ஆயுள் போதாது. நெம்புவதற்குப் பதிலாக, சிறு கண்ணாடியைச் சாய்த்து வெயிலை இடுக்குக்குள் செலுத்தினால், உள்ளே சுருண்டிருக்கும் பாம்பின் செதில் பளபளப்பதைக் காணலாம்.

தரையில் கிடக்கும் பலகையையோ தகரத்தையோ புரட்டுவதிலும் முறை உண்டு. எதிர்ப்புற விளிம்பைப் பிடித்துத் தம் பக்கமாகத் தூக்கினால், பலகையே தடுப்பாக நிற்க, பாம்பு மறுபுறம் ஓடும். பார்த்து முடித்தபின் பாம்பின்மேல் பலகையைப் போடுவது அதை நசுக்கிவிடும். முதலில் பலகையைப் பழைய இடத்தில் பொருத்திவிட்டு, விளிம்பருகே பாம்பை விட்டால் அது தானே உள்ளே போய்விடும். ஒரே பலகையை நாள்தோறும் புரட்டினால் அடியிலுள்ள ஈரம் உலர்ந்து, பாம்பும் வராமற்போகும். கோடை வெப்பம் ஏறியபின் நண்பகலில் தேடுவது வீண். அப்போது அந்தி சாய்ந்த பிறகே அவை வெளிவருகின்றன.

வால்நுனியை ஆட்டி ஒலியெழுப்பும் நச்சுப் பாம்பான கிலுகிலுப்பைப் பாம்பையும் (rattlesnake) கிங்ஸ்நேக் விழுங்கும். அதன் நஞ்சு இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆகவே கிங்ஸ்நேக் கிடைக்கும் இடத்தில் கிலுகிலுப்பைப் பாம்பும் இருக்கும் என்று கொள்வதே நல்லது. வாலொலி கேட்டால்தான் ஆபத்து என்று நம்பி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை நுழைப்பது முட்டாள்தனம். அது எப்போதும் ஒலித்து எச்சரிப்பதில்லை. கடிபட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கேடு தரும். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கலிபோர்னியாவில் பாம்பைப் பிடிக்க மீன்பிடி உரிமம் தேவை என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் சட்டம் அதுதான். தேசியப் பூங்காக்களிலோ பிடிக்கவே கூடாது. பாம்புகளைத் தாக்கும் பூஞ்சை நோய் அம்மாநிலத்தில் முதன்முதலில் 2019இல் ஒரு கிங்ஸ்நேக்கிடம்தான் கண்டறியப்பட்டது. எனவே பாம்பைத் தூக்கும் கொக்கிக் கம்பியையும் காலணியையும் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த இடத்துக்குப் போவதும் தவறே.

படத்தோடு இடக்குறிப்பையும் வெளியிடுவோர், கடப்பாரைக்காரர்களுக்கு வழிகாட்டுகின்றனர். வீட்டுக்குக் கொண்டுபோன பாம்பை அலுத்தபின் எங்கேனும் விடுவது அதைவிடக் கொடியது. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் 1998இல் முதலில் தென்பட்ட கலிபோர்னியக் கிங்ஸ்நேக்குகள் வளர்ப்பிடங்களிலிருந்து வெளியேறியவற்றின் வழிவந்தவையே. ஆண்டுதோறும் பிடித்து அகற்றியும் அவை ஒழியவில்லை, அவை பரவிய இடங்களில் அத்தீவுக்கே உரிய பெரும்பல்லி ஏறக்குறைய மறைந்துவிட்டது.