ஹாலிடே மெம்பர்ஷிப் வாங்கிவிட்டு வருந்துகிறீர்களா? இன்றிரவே தொடங்க வேண்டிய வேலைகள்

மாலில் நிரப்பிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று 2022-இல் எங்களுக்கு ஒரு அழைப்பு வந்தது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும், ஒன்றரை மணி நேரம் போதும் என்றார்கள். கோவையில் ஒரு ஹோட்டல் அரங்கில் நாங்கள் உட்கார்ந்திருந்தது மூன்றரை மணி நேரம். எதிரே இருந்த தம்பி ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஊட்டி, மூணாறு, கோவா என்று எழுதி, "25 வருஷம்" என்பதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். பக்கத்து மேசையில் யாராவது சம்மதித்தால் அரங்கமே கைதட்டியது. இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றார்கள். வருடத்துக்கு ஏழு இரவு அவர்களுடைய விடுதிகளில் தங்கலாம் என்ற 25 வருட உறுப்பினர் திட்டத்துக்கு, 3,60,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். நாங்கள் எழுந்தபோது அவர் அந்தத் தாளை மடித்துத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஓர் இரவு என்றால் இந்தப் பதிவு உங்களுக்காகத்தான். நாங்கள் தாமதமாகச் செய்ததையெல்லாம் நீங்கள் சரியான வரிசையில் செய்ய வேண்டும் என்பதே என் ஆசை.

படி 1: ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்

வருத்தப்பட நாள் நிறைய இருக்கிறது. ரத்து செய்யத்தான் நாள் குறைவு. டைம்ஷேர் எனப்படும் இந்த வகை விடுமுறை உறுப்பினர் திட்டங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. அதனால் வாங்கியதிலிருந்து பின்வாங்கும் உரிமை உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. 'கூலிங் ஆஃப்', 'ஃப்ரீ லுக்', 'ரெசிஷன்' என்று ஏதாவது ஒரு பெயரில் அந்த விதி இருக்கும். பத்து நாள் என்பது பரவலாகக் காணப்படுகிற கெடு. அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் பாருங்கள்: கையெழுத்திட்ட நாளா, பணம் கட்டிய நாளா, உறுப்பினர் கிட் கைக்கு வந்த நாளா? சந்தேகமாக இருந்தால் கையெழுத்திட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வாங்கியிருந்தால் அந்தந்த ஊர்ச் சட்டம். சிங்கப்பூரில் ஐந்து வேலை நாள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாள், அமெரிக்காவின் புளோரிடாவில் 10 நாள்.

கெடுவுக்குள் இருந்தால் ஃபோன் செய்து பேச வேண்டாம். பேசினால் "மேனேஜர் திங்கட்கிழமை கூப்பிடுவார்" என்பார்கள், திங்கட்கிழமைக்குள் கெடு முடிந்துவிடும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். எழுதுங்கள். அவர்களோடு நீங்கள் வழக்கமாக எந்த மொழியில் மின்னஞ்சல் எழுதுவீர்களோ அந்த மொழியிலேயே இருக்கட்டும். சாரம் இவ்வளவுதான்:

"இந்தத் தேதியில், இந்த எண்ணுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். ஒப்பந்தத்தின் இந்தப் பிரிவின்படி, குறித்த கெடுவுக்குள் அதை ரத்து செய்கிறேன். நான் செலுத்திய இவ்வளவு ரூபாயையும் செலுத்திய வழியிலேயே திருப்பி அனுப்புங்கள். மீதித் தவணைகளை எடுக்க வேண்டாம். பெற்றுக்கொண்டதற்குப் பதில் அனுப்புங்கள்."

காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. காரணம் எழுதினால் அதற்குப் பதில் சொல்லிப் பேச்சை இழுப்பார்கள். ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 'கடிதம் மூலம் மட்டும்' என்று ஒப்பந்தம் சொன்னால் தபால்தான் முக்கியம்.

படி 2: சொன்னதையெல்லாம் எழுதி வையுங்கள்

கெடுவுக்குள் இருந்தாலும் தாண்டிவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்து, அந்த அரங்கில் கேட்டது அத்தனையையும் நினைவில் இருக்கும்போதே எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் பேசினார்கள், என்ன பரிசு தருவதாகச் சொன்னார்கள், எல்லாம்தான்.

எங்கள் நோட்டில் இருந்தவை: "எந்த வாரம் வேண்டுமானாலும் அறை கிடைக்கும்." "வேண்டாம்னா வித்துடலாம் மேடம், லாபத்துக்கே போகும்." "சந்தா பேருக்குத்தான்." ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று என் கணவர் எழுதினார். எங்களுக்குக் கிடைத்தது தாழ்ந்த சீசன், பள்ளி விடுமுறை வாரங்கள் அதில் வரவே வராது. விற்பதற்கு நிறுவனத்தின் ஒப்புதலும் பெயர் மாற்றக் கட்டணமும் வேண்டும். விலை போக வருடாவருடம் கட்ட வேண்டிய ஆண்டுச் சந்தாவை நிறுவனம் உயர்த்திக்கொண்டே போகலாம். அரங்கில் சொன்னதும் ஒப்பந்தத்தில் இருந்ததும் அருகருகே வந்தபோதுதான், ஏமாந்தது எங்கள் புத்திக்குறைவு மட்டுமல்ல என்று எனக்கு உறைத்தது. பிறகு புகார் எழுதியபோது அந்த இரண்டு பக்கம்தான் கைகொடுத்தது.

வாட்ஸ்ஆப்பில் வந்த செய்திகள், கூப்பன், பரிசு வவுச்சர், கார்டு ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரே இடத்தில் போட்டு வையுங்கள்.

படி 3: வீட்டில் பேசுங்கள்

இதைச் செய்முறையில் ஏன் சேர்க்கிறேன் என்றால், இங்கேதான் நாங்கள் நாட்களைத் தொலைத்தோம். "நீங்கதான் தலையாட்டினீங்க" என்று நான், "நீதானே குழந்தைகளுக்கு ஆசைப்பட்ட" என்று அவர். இரண்டு வாரம் அந்த ஃபைலை யாரும் தொடவில்லை. மூன்றாவது வாரம் திறந்தபோது பத்து நாள் கெடு முடிந்திருந்தது.

கணவன் மனைவி இருவரையும் சேர்த்துக் கூப்பிடுவது, மணிக்கணக்கில் உட்கார வைப்பது, கைதட்டல், இன்றைக்கு மட்டும் என்ற விலை, இவையெல்லாம் யோசிக்க இடம் கொடுக்காமல் இருப்பதற்கென்றே அமைத்தவை. படித்தவர்கள், சிக்கனமானவர்கள் எல்லோரும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். யார் தப்பு என்ற பேச்சை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். இன்றைக்கு யார் கடிதம் எழுதுவது, யார் தபால் ஆபீஸ் போவது என்று மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடமோ அண்ணனிடமோ மறைக்கவும் வேண்டாம். மறைத்தால், இரவில் அதே கணக்கைத் தனியாகப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

படி 4: பணம் போகும் வழிகள்

கோபத்தில் கணக்கைக் காலியாக வைத்துத் தவணையைத் திரும்ப விடாதீர்கள். பணமில்லாமல் காசோலை திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். காசோலையை நிறுத்தச் சொன்னாலும் அந்த ஆபத்து உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் நாச் தவணைக்கும் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல், தீர்வு முறைகள் சட்டத்தில் இதேபோல ஒரு பிரிவு இருக்கிறது. முதலில் ரத்துக் கடிதம், அதன் நகலோடு வங்கிக்கு நாச் ரத்து விண்ணப்பம், இதுதான் வரிசை.

மீதித் தொகைக்கு வங்கியோ நிதி நிறுவனமோ கடன் கொடுத்திருந்தால் அது தனி ஒப்பந்தம். தவறவிட்டால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். தகராறு நடக்கும்போதும் அதைக் கட்டிக்கொண்டே இருப்பது நல்லது. கெடுவுக்குள் ரத்து செய்தும் முன்பணம் திரும்பவில்லை என்றால், கிரெடிட் கார்டு வங்கியிடம் கடிதத்தின் நகலோடு 'சார்ஜ்பேக்' (கார்டில் போன பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறும் முறை) கேளுங்கள்.

படி 5: வைத்துக்கொள்வதா, விடுவதா?

கெடு தாண்டியவர்களுக்கு இது. கட்டிய பணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இனிமேல் கட்டப்போவதை மட்டும் பாருங்கள். "இவ்வளவு கட்டிட்டோம், மீதியையும் கட்டிடலாம்" என்ற எண்ணம்தான் மேலும் உள்ளே இழுக்கும்.

எங்கள் கணக்கைக் காட்டுகிறேன். விலை 3,60,000. வருடத்துக்கு ஏழு இரவு, 25 வருடம், ஆக 175 இரவு. முதல் ஆண்டுச் சந்தா 16,000. இதை மாறாமல் வைத்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 4,340 ரூபாய், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் சந்தா ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். 25-ஆம் ஆண்டில் அது 64,000-த்தைத் தாண்டும். 25 வருடச் சந்தா மட்டும் 8,78,000-த்துக்குக் கிட்டே. மொத்தம் 12,38,000 ரூபாய், ஓர் இரவுக்கு 7,070. இத்தனையும் ஏழு இரவையும் ஒவ்வொரு வருடமும் விடாமல் பயன்படுத்தினால்தான். தவணை வட்டி, சாப்பாடு, பயணச் செலவு எதுவும் இதில் சேரவில்லை.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் நீங்கள் உண்மையில் போகக்கூடிய தேதிகளில் இரண்டு மூன்று ஊருக்கு அறை கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், மழைக்காலத்திலும் வார நாட்களிலும் கிளம்பக்கூடியவர்கள் சிலர் இதை நன்றாகவே அனுபவிக்கிறார்கள். அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பதிவு திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்து, அன்றைக்கே அறை போட்டுவிடுங்கள்.

படி 6: புகார்

விடுவது என்று முடிவு செய்தால், படி 2-இல் எழுதியதை வைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் தர 15 நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. எங்களுக்கு நிறுவனத்திலிருந்து முதல் உருப்படியான ஃபோன் வந்தது இதற்குப் பிறகுதான்.

அதிலும் முடியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது, அதைச் செல்லாததாக்க வேண்டும் என்று கேட்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், அதற்கு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது. தகராறை நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பயப்படாதீர்கள், அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது.

படி 7: "உங்க மெம்பர்ஷிப்பை வித்துத் தர்றோம்"

இந்த அழைப்பு கட்டாயம் வரும். வாங்க ஆள் தயார், நீங்கள் கொடுத்ததைவிட அதிக விலை, பதிவுக் கட்டணமோ ஜி.எஸ்.டி.யோ மட்டும் முன்னால் கட்டுங்கள் என்பார்கள். உறுப்பினர் எண்கூடச் சரியாகச் சொல்வார்கள். ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், சைபர் குற்ற உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

படி 8: சமரசம் வந்தால்

எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. கட்டியதில் ஏறக்குறைய பாதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும் முன் என் கணவர் இந்த முறை ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தார். மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: உறுப்பினர் ஒப்பந்தம் ரத்தாகிறது, சந்தா உட்பட எந்தப் பாக்கியும் இல்லை, திரும்பும் தொகை இத்தனாம் தேதிக்குள் கணக்கில் வரும். முதலில் வந்த கடிதத்தில் சந்தாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருப்பி அனுப்பினோம், நான்கு நாளில் சேர்த்து அனுப்பினார்கள்.

பணம் வந்ததும் நாச் ரத்தாகிவிட்டதா என்று வங்கியில் கேளுங்கள். கடன் இருந்தால் பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஃபைலைக் கட்டி அலமாரியில் வைக்கலாம்.