பாட்டியின் முழங்காலில் தொடங்குங்கள்: குடும்பச் சுற்றுலாவுக்கு ஊர் தேர்ந்தெடுப்பது எப்படி

லீவு விட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி ‘எங்கே போகலாம்?’ என்பதுதான். ஒருவர் ஊட்டி என்பார், இன்னொருவர் ராமேஸ்வரம் என்பார், கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்ன ஊருக்கு டிக்கெட் போடப்படும். அங்கே போய் இறங்கிய பிறகுதான் பாட்டியால் படியேற முடியவில்லை என்பதும், குழந்தைக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரியவரும். ஊரின் பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது ‘நம் வீட்டில் யாரால் எது முடியாது?’ என்பது.

ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். சென்னையில் எட்டுப் பேர். தாத்தாவுக்கு 72 வயது, சர்க்கரை நோய் உண்டு. பாட்டிக்கு 68, முழங்கால் வலி. மகன், மருமகள், மகள், மருமகன். 13 வயதில் ஒரு பையன், 4 வயதில் ஒரு பெண் குழந்தை. மே மாதம், கையில் நான்கு நாள்.

ஒரு தாளில் எட்டுப் பெயர்

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘முடியாது’, ‘கட்டாயம் வேண்டும்’ என்று இரண்டே பத்தி போதும். பாட்டி: 20 படிக்கு மேல் ஏற முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். தாத்தா: மதியச் சாப்பாடு ஒரு மணியைத் தாண்டக்கூடாது. குழந்தை: வளைவுப் பாதையில் வாந்தி, மதியம் தூங்கியே ஆக வேண்டும். பையன்: வெறும் பூங்காவில் உட்கார வைக்க முடியாது, படகோ தண்ணீரோ ஏதாவது ஒன்று வேண்டும்.

இந்தத் தாளை நிரப்புவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பெரியவர்கள் ‘எனக்கு எங்கேன்னாலும் சரிப்பா’ என்பார்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற எண்ணத்தில் வரும் பதில் அது, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘நம்ம வீட்டு மாடிக்கு நிக்காம ஏறுவீங்களா?’, ‘ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால், 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டி, கொடைக்கானலை முடிவு செய்யும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோயில் ஊர் என்றால் வீட்டுப் பெண்களிடம் மாதவிடாய்த் தேதியையும் கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள். கூச்சப்பட்டு இதை விட்டுவிட்டால், பயணம் முழுக்க ஒருவர் அறையிலேயே உட்கார்ந்திருப்பார்.

மருமகளிடமும் மகளிடமும் தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்குவது பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே போயும் சமைக்க முடியாது. சமையலறையோடு கூடிய ஹோம்ஸ்டே மலிவாகத் தெரியும். ஆனால் காலை இட்லி முதல் இரவுப் பால் வரை அவர்கள் தலையில்தான் விடியும். காசு மிச்சம் என்று ஒருவரின் விடுமுறையைப் பறிப்பது நியாயமில்லை. குழந்தைக்குக் கஞ்சி வைக்க ஒரு மின்கெட்டில், பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக்கடை, இவை இரண்டும் போதும். அப்படியும் மலையில் சமைத்தே ஆக வேண்டுமென்றால் குக்கரை எடுத்துச் செல்லுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும்.

தூரத்தை மணிக்கணக்கில் அளங்கள்

வரைபடத்தில் தெரியும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். குழந்தையும் பெரியவர்களும் உள்ள வண்டி, டீ, டாய்லெட் நிறுத்தங்களோடு சமவெளியில் மணிக்கு 50 கி.மீ., மலைப்பாதையில் 20 முதல் 25 கி.மீ. போகும் என்று கணக்கிடுங்கள். எளிய அளவுகோல் ஒன்று உண்டு: எத்தனை இரவு தங்குகிறீர்களோ அதை மூன்றால் பெருக்குங்கள். ஒரு வழிப் பயணம் அத்தனை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு இரவு என்றால் ஆறு மணி, மூன்று இரவு என்றால் ஒன்பது மணி. இரவு ரயிலில் எல்லோருக்கும் பெர்த் உறுதியாகிவிட்டால் அந்த நேரத்தைச் சேர்க்க வேண்டாம்.

வாந்தி வரும் பிள்ளை இருந்தால் கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி செல்லும் பாதையில் 14. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. மலையேறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வைப்பதும், காரின் கடைசி வரிசையில் பிள்ளைகளை அடைப்பதும், வளைவில் போனைக் கையில் கொடுப்பதும்தான் வாந்தியைக் கூட்டுகின்றன. இரண்டு இட்லி, முன்பக்க ஜன்னல் இருக்கை, தூரத்துப் பார்வை என்று போனால் பெரும்பாலும் தப்பலாம். மாத்திரை தருவதானால் மருத்துவர் சொன்ன அளவில், மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பாவது கொடுங்கள். வளைவு ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

மாதத்துக்கு ஏற்ற ஊர்

ஊர் நல்ல ஊராக இருக்கும், நாம் போகும் மாதம் தவறாக இருக்கும். குற்றாலம் இதற்குப் பெரிய உதாரணம். மே லீவில் போய் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஜூனில்தான் சீசன் ஆரம்பிக்கும், ஆகஸ்ட் வரை சாரல் இருக்கும். அதற்குள் பள்ளி திறந்துவிடும் என்பதால் குற்றாலத்தை ஜூலையில் ஒரு சனி, ஞாயிறோடு திங்கள் ஒரு நாள் லீவு போட்டுப் பாருங்கள். மலையில் கனமழை பெய்தால் அருவியில் திடீரென வெள்ளம் வரும். குளிக்கத் தடை போட்டால் போலீஸாரிடம் வாதாடாமல் விலகிவிட வேண்டும். அந்த நாளுக்கு மாற்றாகத் தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலைக் கையில் வைத்திருங்கள்.

மலைவாசஸ்தலங்களுக்கு ஒரு கணக்கு: ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், கோவை 400 மீட்டர். ஆக 12 டிகிரி குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் 280. ஆக 8 டிகிரி. சேலத்தில் 38 என்றால் ஏற்காட்டில் 30. குளிர் நடுங்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காலையும் மாலையும் இதமாக இருக்கும், நண்பகலில் வெயில் தெரியும்.

கன்னியாகுமரிக்கு அரையாண்டு லீவில் போகிறவர்கள் அது ஐயப்ப பக்தர்கள் கூட்டமாக வரும் காலம் என்பதை மறந்துவிடுகிறார்கள். படகுத்துறை வரிசை நீளும், அறை வாடகை ஏறும். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகும் நின்றுவிடும். அங்கே இரண்டு இரவு தங்கினால் ஒரு நாள் படகு நின்றாலும் மறுநாள் போகலாம். பத்மநாபபுரம் அரண்மனை பார்ப்பதானால் திங்கள் தவிர்த்துத் திட்டமிடுங்கள், அன்று விடுமுறை.

மூன்று ஊரை நிறுத்தி வடிகட்டுதல்

நம் எட்டுப் பேர் குடும்பத்துக்கு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

ஊட்டிக்குச் சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடியற்காலை மேட்டுப்பாளையம் சேர்க்கும். அங்கிருந்து மலை ரயில் பிடிக்க எல்லோருக்கும் ஆசை. 46 கி.மீ. ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, வண்டி நிற்கும் நிலையங்களில்தான் இறங்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள தாத்தாவுக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் இது சோதனை. ரயில் ஆசையைக் கைவிடவும் வேண்டாம். குன்னூர் வரை காரில் போய், குன்னூர் – ஊட்டி 19 கி.மீ. மட்டும் ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் முடிந்துவிடும்.

மே மாத ஊட்டியில் மலர்க்கண்காட்சி நடக்கும், போக்குவரத்து நெரிசலும் கூடவே வரும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். வண்டி எண் தெரிந்தால்தான் பாஸ் எடுக்க முடியும். டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்பினால் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்வீர்கள். எண்ணை முன்பே உறுதி செய்யுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு அங்கே தடை.

கொடைக்கானலில் பையனுக்கு ஏரி இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. ஆனால் கொடை ரோடு நிலையத்தில் இறங்கியபின் இன்னும் 80 கி.மீ., அதில் பெரும்பகுதி மலைப்பாதை. குழந்தைக்கு மூன்று மணி நேரம் வளைவு.

ஏற்காட்டுக்குக் காலை ரயிலில் சேலம் ஐந்து மணி நேரம், அங்கிருந்து சுமார் 30 கி.மீ., மலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஏரி ஊருக்கு நடுவில் இருப்பதால் பையனுக்குப் படகு, பாட்டிக்குக் கரையோர நிழல், இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் போன்ற காட்சிமுனைகளுக்கு வண்டி பக்கத்திலேயே போகும். கிளியூர் அருவிக்குப் படிகள் இறங்கி ஏற வேண்டும், மேயில் தண்ணீரும் சந்தேகம், அதை விட்டுவிடலாம். பெயரில் ஊட்டிக்கு உள்ள மவுசு இதற்கு இல்லை. வளைவு 20 இருந்தாலும் மலைப்பாதை குறைவு. இந்தத் தாளில் உள்ள ‘முடியாது’களை மூன்றிலும் குறைவாக மீறும் ஊர் இதுதான். ஞாயிறு மதியம் போய் புதன் திரும்பினால் கூட்டமும் பாதி, வாடகையும் குறையும்.

இப்படி வடிகட்டி மிஞ்சும் இரண்டு ஊர்களைப் பிள்ளைகள் முன் வைத்து அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வடிகட்டும் முன்பே கேட்டால் ‘மணாலி’ என்பார்கள், அப்புறம் மறுக்க வேண்டியிருக்கும். பணத்தையும் இந்த இடத்திலேயே பேசிவிடுங்கள். யார் எவ்வளவு போடுவது என்பது மகனும் மருமகனும் நேருக்கு நேர் பேச வேண்டிய விஷயம். பயணத்தில் ஒவ்வொரு ஓட்டலிலும் பில்லுக்குப் போட்டி போடுவதைவிட, ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவர் கையில் கொடுத்து அவரே எல்லாம் கட்டுவது நல்லது.

டிக்கெட், வண்டி, அறை

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான், ஆகவே எட்டுப் பேருக்கு இரண்டு டிக்கெட். இரவு ரயிலானால் தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட் போடுங்கள். 60 வயதான ஆண், 45 வயதான பெண் ஆகியோருக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ இருவராகவோ பதிவு செய்தால்தான் பொருந்தும். பேரப்பிள்ளைகளோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். வேறு பெட்டி கிடைக்கலாம் என்பது இதில் உள்ள குறை. பெரியவர்கள் பெட்டியிலேயே ஒருவர் இடம் மாற்றிக்கொள்ளப் பாருங்கள். ஐந்து வயது ஆகாத குழந்தைக்குப் பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம்.

எட்டுப் பேரை ஒரு இன்னோவாவில் திணிக்காதீர்கள், பெட்டி வைக்க இடமிருக்காது. 12 இருக்கை டெம்போ டிராவலர்தான் சரி. வாடகை பேசும்போது ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச கி.மீ. எவ்வளவு, மலைக்குத் தனிக் கட்டணமா, டிரைவர் பேட்டா எவ்வளவு, டிரைவர் எங்கே தங்குவார் என்ற நான்கையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

மலை ஊர் ஓட்டல்கள் சரிவில் கட்டப்பட்டவை. ‘தரைத்தளம்’ என்று சொல்லும் அறைக்கே சில சமயம் 30 படி இறங்க வேண்டியிருக்கும். போனில் ‘வண்டி நிக்கிற இடத்திலிருந்து அறைக் கட்டில் வரைக்கும் எத்தனை படி?’ என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். வெந்நீர் எந்த நேரத்தில் வரும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, எக்ஸ்ட்ரா பெட் என்பது மெத்தையா கட்டிலா என்பதையும் விடாதீர்கள். மூன்று அறை எடுத்தால் பாட்டியின் அறைக்குப் பக்கத்து அறையில் பேரன் இருக்கட்டும்.

ஒரு நாளின் அளவு

காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை ஓர் இடம். சாப்பாடு. நான்கு மணி வரை அறையில் ஓய்வு. மாலையில் இன்னோர் இடம். இதற்கு மேல் சேர்க்காதீர்கள். ‘பத்துப் பாயின்ட்’ காட்டும் வாடகைக்கார் சுற்று, குழந்தையையும் தாத்தாவையும் மதியத்துக்குள் சோர்வாக்கிவிடும். மதிய ஓய்வின்போது பையனை அவன் அப்பாவோ மாமாவோ தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறை ஏறட்டும், இன்னொரு முறை படகு விடட்டும். எல்லோரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மூன்றாம் நாள் சண்டை நிச்சயம்.

புறப்படும் முந்தைய நாள் மாலை ஓட்டலுக்கும் டிரைவருக்கும் ஒரு முறை போன் போட்டு, மழை, பாதை அடைப்பு பற்றி விசாரியுங்கள். தாத்தாவின் மாத்திரையையும் இன்சுலினையும் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். மருந்துச்சீட்டின் படத்தை இரண்டு பேர் போனில் ஏற்றிவிட்டு, குழந்தைக்கு மாற்றுடை இரண்டு செட்டையும் நான்கைந்து பிளாஸ்டிக் இல்லாத வாந்திப் பைகளையும் முன் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டால் கிளம்பலாம்.